டெஸ்க்டாப் செயலியில் திரை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கத்தில், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை கொள்முதல் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குப் பைத்தான் நிரல்மொழியோடு வரும், சாளரங்களும் பட்டன்களும் அமைக்க உதவும் டிகின்டர் நிரலகத்தைக் கொண்டு செயலி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். எடைப் பதிவு, விவசாயி கணக்கு, பட்டுவாடா என மூன்று திரைகள் அதற்குப் போதும். புதிதாக எழுதுபவர்கள் பலர் பட்டனை அழுத்தும்போதெல்லாம் இன்னொரு ‘டிகே’ சாளரத்தை (செயலியின் முதன்மைச் சாளரம்) உருவாக்கிவிடுகிறார்கள். அப்படி உருவாகும் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு டிசிஎல் இன்டர்பிரட்டரை (டிகின்டரின் அடியில் கட்டளைகளை இயக்கும் பகுதி) வைத்துக்கொள்வதால், முதல் சாளரத்தைச் சேர்ந்த ‘ஸ்ட்ரிங்வார்’ மாறியில் (பெட்டியோடு இணைக்கப்படும் எழுத்து மாறி) உள்ள விவசாயியின் பெயர் இரண்டாவது சாளரத்தின் பெட்டியில் தோன்றாது. பிழைச் செய்தியும் வராது என்பதுதான் இதில் தொல்லை. முதன்மைச் சாளரம் ஒன்றே இருக்க வேண்டும். திரைகள் அதனுள் ஃபிரேம்களாக, அதாவது பட்டன், பெட்டி முதலியவற்றைத் தாங்கும் பகுதிகளாக, அமையட்டும். தனிச் சாளரம் உண்மையாகவே தேவைப்படும் இடத்தில், முதன்மைச் சாளரத்தைச் சார்ந்த துணைச் சாளரமான ‘டாப்லெவல்’ இருக்கிறது.

ஃபிரேம்களை ஒரே கட்டத்தில் அடுக்கி, வேண்டியதை ‘டிகே ரெய்ஸ்’ மூலம் மேலே கொண்டுவருவது பரவலான வழக்கம். ஆனால் கீழே மறைந்திருக்கும் ஃபிரேம் டிகின்டரின் கணக்கில் இன்னும் காட்சியில்தான் இருக்கிறது. ஆகவே டேப் விசையைத் தட்டிக்கொண்டே போகும் எழுத்தர், தாம் அறியாமலே பட்டுவாடாத் திரையின் பெட்டிக்குள் சென்று எடையைத் தட்டச்சு செய்துவிடலாம். மறைக்க வேண்டிய ஃபிரேமை ‘கிரிட் ரிமூவ்’ கொண்டு எடுத்துவிட்டு, புதிய திரையின் முதல் பெட்டியில் ஃபோகஸை (தட்டச்சு செல்லும் இடத்தை) வைப்பதே சரி. ‘கிரிட் ஃபர்கெட்’டும் மறைக்கும்தான், ஆனால் வரிசை, நிரல் முதலிய அமைப்புகளை மறந்துவிடும்.

இவற்றையெல்லாம் விட அதிகம் படுத்துவது, திரை மறைந்த பிறகும் நிற்காத வேலை. மின்னணுத் தராசின் அளவை அரை நொடிக்கு ஒருமுறை படிக்க, குறித்த நேரம் கழித்து ஒரு வேலையை இயக்கும் ‘ஆஃப்டர்’ கட்டளையைப் பயன்படுத்தியிருந்தால், ஃபிரேமை மறைப்பதால் அது நிற்பதில்லை. எடைத் திரைக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் படிக்கும் செயல்கூற்றைப் புதிதாகத் தொடங்கினால், தராசு இணைந்திருக்கும் ஒரே சீரியல் போர்ட்டில் வரும் எழுத்துகளை இரண்டு சுழற்சிகள் பங்குபோட்டுக்கொண்டு, இரண்டுமே அரைகுறை எண்ணைக் காட்டும். போர்ட்டையே மீண்டும் திறக்க முயன்றால், விண்டோஸ் அனுமதி மறுக்கும். ‘ஆஃப்டர்’ திருப்பித் தரும் அடையாளத்தைச் சேமித்துவைத்து, திரையை விட்டு வெளியேறும்போது ‘ஆஃப்டர் கேன்சல்’ மூலம் ரத்துசெய்ய வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ‘நுழை’, ‘வெளியேறு’ என இரண்டு செயல்கூறுகள் எழுதி, திரை மாற்றும் ஒரே இடத்திலிருந்து அவற்றை அழைப்பது என் பரிந்துரை. அதைவிடச் சிக்கலான ஏற்பாடு மூன்று திரைச் செயலிக்குத் தேவையில்லை.

டிகின்டரைப் போன்ற இன்னொரு நிரலகமான கியூட்டியில், பக்கங்களை அடுக்கி ஒன்றை மட்டும் காட்டும் ‘கியூஸ்டாக்ட்விட்ஜெட்’ டேப் விசைச் சிக்கலைத் தானே தவிர்த்துவிடும். ஆயினும் ‘ரிமூவ்விட்ஜெட்’ பக்கத்தை அடுக்கிலிருந்து எடுக்குமே தவிர அழிக்காது. ஜாவா மொழியின் சாளர நிரலகமான ஸ்விங்கில் பேனல்களைக் (ஃபிரேம் போன்ற பகுதிகளை) கழற்றி மாட்டினால், திரையை மீண்டும் அமைத்து வரைய ‘ரீவேலிடேட்’, ‘ரீபெயின்ட்’ இரண்டையும் அழைக்க வேண்டும். பேனல்களை அடுக்கி ஒன்றை மட்டும் காட்டும் ‘கார்ட்லேஅவுட்’ இருக்க அந்தப் பாடு எதற்கு?

மீண்டும் நம் டிகின்டர் செயலிக்கு வருவோம். கணக்குத் திரைக்கு மாறும் பட்டனுக்குள்ளேயே ஓராண்டுப் பதிவுகளைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்தால், அது முடியும்வரை சாளரம் உறைந்து நிற்கும். திரையை முதலில் காட்டிவிட்டு, தரவைத் தனி த்ரெடில் (இணையாக ஓடும் வேலைத்தொடரில்) எடுத்து, முடிவை ‘கியூ’ எனும் வரிசை வழியாக முதன்மை த்ரெடுக்கு அனுப்ப வேண்டும். விட்ஜெட்களை (பட்டன், பெட்டி போன்ற திரை உறுப்புகளை) தொடுவது முதன்மை த்ரெடின் வேலை மட்டுமே. பதிந்த எடையை விட்ஜெட்டிலேயே விட்டுவைத்துத் திரை மாறும்போது சேமிப்பதும் தவறான வழி. பருவமழையில் மின்சாரம் போகும் ஊரில், எடை உறுதியான கணமே அது எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.