'நோ சிக்னல்' என்று மானிட்டர் சொன்னால் செய்யக்கூடாதவை

ஆயுத பூஜை முடிந்து அலுவலகங்கள் திறக்கும் நாளில், கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் எங்கள் கடையின் தொலைபேசி ஓய்வதே இல்லை. "பொட்டு வைக்கும்போது நன்றாகத்தானே இருந்தது, இன்று மானிட்டரில் படமே வரவில்லை" என்பார்கள். சென்ற ஆண்டு ஒரு கணக்கர் அலுவலகத்தில் எனக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்பே புதிய மானிட்டர் வாங்கிவிட்டார்கள். அதிலும் அதே 'நோ சிக்னல்'. போய் சிபியூ பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். தூசி துடைக்கக் கழற்றிய எச்டிஎம்ஐ கேபிளை யாரோ மேலே இருந்த போர்ட்டில் செருகியிருந்தார்கள். ஒரு சாண் கீழே இறக்கிச் செருகியதும் படம் வந்துவிட்டது, பழைய மானிட்டரிலேயே.

'நோ சிக்னல்' என்ற அந்தச் சொற்களைத் திரையில் எழுதுவது மானிட்டர்தான், கம்ப்யூட்டர் அல்ல. எழுத்து தெரிகிறதென்றால் மின்சாரம் வருகிறது, பின்விளக்கு எரிகிறது, திரை உயிரோடு இருக்கிறது. தன்னிடம் படம் வந்து சேரவில்லை என்று அது முறையிடுகிறது. முறையிட வந்தவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் முதல் தவறு.

மேல் போர்ட், கீழ் போர்ட் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டவர் பெட்டியின் பின்புறம் மேல்பகுதியில் யுஎஸ்பி, நெட்வொர்க் போர்ட்டுகளோடு சேர்ந்திருப்பவை மதர்போர்டின், அதாவது கம்ப்யூட்டரின் முதன்மைப் பலகையின், போர்ட்டுகள். படத்தை உருவாக்கி அனுப்பும் தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் அதன் போர்ட்டுகள் அவற்றுக்குக் கீழே, கிடைமட்டமாக ஒரு பட்டையில் இருக்கும். கார்டு இருந்தால் கேபிள் அங்கேதான் போக வேண்டும். இன்டெல் ஐ5-12400எஃப் போல 'எஃப்' என்று முடியும் பிராசசர்களில் கிராஃபிக்ஸ் பகுதியே கிடையாது. அப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் மேலே உள்ள எச்டிஎம்ஐ போர்ட் வெறும் அலங்காரம்.

கேபிள் சரியான இடத்தில் இருந்தும் படம் இல்லையென்றால், மானிட்டரின் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பொத்தானைப் பாருங்கள். கேபிள் எச்டிஎம்ஐயில் இருக்க, மானிட்டர் விஜிஏ என்ற பழைய வகை இணைப்பில் காத்துக்கொண்டிருக்கும். துடைக்கும் துணி பட்டாலே மாறிவிடுகிற பொத்தான் அது.

மின்விசிறி சுற்றுகிறது, ஆனால் படம் இல்லை, கூடவே பீப் ஒலி வருகிறதென்றால் ரேமை, அதாவது நினைவகப் பட்டையை, கழற்றி மாட்டிப் பார்ப்பது நல்ல யோசனைதான். பிளக்கைப் பிடுங்காமல் அதைச் செய்கிறார்கள், அதுதான் தவறு. பிளக்கை எடுத்துவிட்டு, பவர் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்த பிறகே பெட்டிக்குள் கை வையுங்கள்.

'அவுட் ஆஃப் ரேஞ்ச்', 'இன்புட் நாட் சப்போர்ட்டட்' என்று வந்தால் கதை நேர்மாறு. படம் வருகிறது, ஆனால் மானிட்டரால் தாங்க முடியாத ரெசல்யூஷனிலோ (படப் புள்ளிகளின் எண்ணிக்கை) ஹெர்ட்ஸ் கணக்கிலோ (வினாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பது) வருகிறது. கடையில் ஒதுக்கி வைத்திருந்த 1280×1024 பழைய மானிட்டரை எடுத்து, பெரிய திரைக்குப் பழகிய கம்ப்யூட்டரில் மாட்டும்போது இப்படி ஆகலாம். இதற்குப் போய் விண்டோஸையே அழித்துப் புதிதாக ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆன் செய்ததும் நிறுவனத்தின் சின்னம் தெரிந்து, விண்டோஸ் தொடங்கும் நேரத்தில் திரை மறைந்தால், பழுது எதுவும் இல்லை, அமைப்பில்தான் கோளாறு என்று நம்பலாம். ரெசல்யூஷனை மாற்றிய உடனேயே திரை இருண்டுவிட்டால் எதையும் தட்டாமல் 15 வினாடி சும்மா இருங்கள். விண்டோஸ் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அது நடக்காவிட்டால், இன்னொரு போர்ட்டில் வீட்டு டிவியைக் கூடவே இணைத்து, அதன் திரையைப் பார்த்துக்கொண்டே மானிட்டருக்கு உரிய ரெசல்யூஷனையும் 60 ஹெர்ட்ஸையும் தேர்ந்தெடுங்கள்.

பழைய விஜிஏ கேபிளுக்கு வருவோம். ஐபிஎம் 1987இல் அறிமுகப்படுத்திய இணைப்பு, இன்னும் பல அலுவலகங்களில் உழைக்கிறது. திரை முழுக்க மஞ்சளாகிவிட்டது என்று மானிட்டரின் வண்ண மெனுவோடு அரை நாள் மல்லுக்கட்டுகிறார்கள். விஜிஏவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முறையே 1, 2, 3 ஆகிய ஊசிகளில் தனித்தனியாக வருகின்றன. நீலம் வராவிட்டால் வெள்ளை மஞ்சளாகும். பச்சை வராவிட்டால் திரை கத்திரிப்பூ நிறத்துக்குப் போகும். சிவப்பு வராவிட்டால் நீலப்பச்சை. ஆகவே மெனுவை மூடிவிட்டுக் கேபிள் முனையைப் பாருங்கள். ஓர் ஊசி மடங்கியிருக்கும். லீட் எடுத்துவிட்ட மைக்ரோடிப் பென்சிலின் மூக்கை அந்த ஊசியின் மேல் மாட்டி மெதுவாக நிமிர்த்தலாம். ஒன்பதாவது ஊசி பல கேபிள்களில் தொடக்கத்திலிருந்தே இருக்காது. அது உடைந்து விழுந்துவிட்டதென்று மேசைக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடியவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

கன்வெர்ட்டர் வாங்கும்போது திசையைப் பாருங்கள். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் பெட்டி, விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றாது. இரண்டு முனையிலும் கேபிள் பொருந்துகிறதே என்று வாங்கிவந்துவிட்டு, 'இதுவும் பழுது' என்று திருப்பிக் கொடுக்கிறார்கள்.

படம் வருகிறது, ஆனால் கோடு கோடாக இருக்கிறது என்பவர்கள் அதை மொபைலில் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார்கள். அதனால் பாதிப் பயன்தான். கம்ப்யூட்டரிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை மொபைலுக்கு அனுப்பித் திறந்து பாருங்கள். கோடு அதிலும் இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டையோ அதை இயக்கும் டிரைவர் மென்பொருளையோ சந்தேகிக்கலாம். ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருந்தால் மானிட்டரையும் கேபிளையும் கவனியுங்கள். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் கார்டை மாற்றியவர்கள் உண்டு.

மானிட்டரே பழுதாவதும் உண்டுதான். திரை கறுப்பாக இருக்கும்போது சாய்வாக டார்ச் அடித்தால் மங்கலாகப் படம் தெரிகிறதா? பின்விளக்கு போய்விட்டது. இந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். அடாப்டர் வெளியே இல்லாத மானிட்டர்களில், 230 வோல்ட்டை வாங்கி மாற்றும் பவர் போர்டு உள்ளேயே இருக்கிறது. அதில் மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது அங்கேயே இருக்கலாம். பழகிய நாங்களே அந்த மின்னூட்டத்தை இறக்கிவிட்டுத்தான் தொடுவோம்.

அந்தக் கணக்கர் அலுவலகம் புதிய மானிட்டரைத் திருப்பித் தரவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றில் ரசீதும் மற்றொன்றில் கணக்குமாக வேலை பார்க்கிறார்கள். மேல் போர்ட்டின் மீது நான் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு வந்திருந்தேன். இந்த ஆண்டு போனபோது பார்த்தேன், அந்த டேப்புக்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.