தினமும் ஓட்டும் காரை ஆட்டோகிராஸுக்குத் தயார் செய்தல்: வடசென்னைச் சாலைகளுக்கு ஏற்ற சஸ்பென்ஷன் தேர்வு

ஆட்டோகிராஸில் ஒரு நேரத்தில் ஒரு காரே ஓடும். கோன்களால் குறிக்கப்பட்ட வளைந்து நெளிந்த தடத்தை, பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிக்க வேண்டும். நேர்ச்சாலை வேகத்துக்கு அங்கே வேலையில்லை. ஒரு பக்கம் சாய்ந்த கார் நிமிர்வதற்குள் மறுபக்கம் திருப்ப வேண்டியிருப்பதால், காரின் எடை எவ்வளவு விரைவாகவும் ஒழுங்காகவும் இடம் மாறுகிறது என்பதே நேரத்தைத் தீர்மானிக்கிறது. அதே கார் திங்கட்கிழமை காலையில், கன்டெய்னர் லாரிகள் அழுத்திப் பள்ளமாக்கிய எண்ணூர் விரைவுச்சாலையிலும் மணலிச் சாலையிலும் அலுவலகம் போயாக வேண்டும். ஆகவே சக்கரம் மேலும் கீழும் நகர்வதற்கு உள்ள இடத்தைக் குறைக்காத மாற்றங்களை முதலிலும், அந்த இடத்தை விழுங்கும் மாற்றங்களைக் கடைசியிலும் செய்வதே நம் பகுதிக்குப் பொருந்தும் வரிசை. போலோ, ஸ்விஃப்ட், ஐ20 என் லைன் போல முன்சக்கர இயக்கமும், முன்னால் மேக்ஃபர்சன் ஸ்டிரட்டும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இணைந்த அமைப்பு), பின்னால் டார்ஷன் பீமும் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுகக்கூடிய குறுக்குத்தண்டு) கொண்ட கார்களை மனத்தில் வைத்தே இங்கு எழுதுகிறேன். மண் தரையில் நடக்கும் ஆட்டோகிராஸுக்குத் தேவைகள் வேறு. இது தார் அல்லது கான்கிரீட் தளத்துக்கானது.

புதிய பாகம் வாங்குவதற்கு முன் இருக்கிற பாகங்களைப் பார்க்க வேண்டும். காரை லிஃப்டில் ஏற்றி, சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரோடு இணைக்கும் கையான லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷில், அதாவது இணைப்பில் உள்ள ரப்பர் உறையில், நெம்புகோலை வைத்து மெல்ல அசைத்தால், நல்ல ரப்பர் விறைப்பாகத் திமிறித் திரும்பும். நைந்த ரப்பரில் வெடிப்பு வாய் திறப்பது கண்ணுக்கே தெரியும். பால் ஜாயின்ட், லிங்க் ராடு, ஸ்டிரட் மவுண்ட் ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடலாம். கடற்காற்று படும் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பகுதிக் கார்களில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உட்காரும் தட்டில் உப்பும் மணலும் சேர்ந்து துரு ஏறியிருக்கும். அதைச் சுரண்டிப் பார்க்காமல் விடக்கூடாது. நைந்த புஷ்ஷோடு எத்தனை விலையுயர்ந்த ஷாக் அப்சார்பரைப் பொருத்தினாலும், பிரேக் பிடிக்கும்போதும் திருப்பும்போதும் சக்கரத்தின் கோணம் தன் போக்கில் மாறிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது டயரும், சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்டும். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அழுத்த அளவில் தொடங்கி, முன்பக்கத்துக்கு மட்டும் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூட்டி, டயரின் விளிம்பில் பக்கச்சுவர் வரை சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஓட்டம் முடிந்ததும் அந்தக் கோடு டயரின் தோளில் உள்ள சிறு முக்கோணக் குறி வரை அழிந்திருந்தால் அழுத்தம் சரி. அதையும் தாண்டி அழிந்திருந்தால் டயர் மடங்கி ஓடுகிறது, இன்னும் காற்று வேண்டும். முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணமான கேம்பரைப் பொறுத்தவரை, மேக்ஃபர்சன் ஸ்டிரட் கார் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் உடன் சாய்ந்து டயரின் வெளி விளிம்பில் நின்றுவிடும் என்பதால், கேம்பர் போல்ட்டைக் கொண்டு முன்சக்கரங்களுக்கு மைனஸ் ஒன்றரை டிகிரி வரை (மேல்முனை உள்நோக்கிச் சாயும்படி) கொடுப்பது மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் பெரிய பயன். தினசரி ஓட்டத்தில் டயரை உள்பக்கமாகத் தின்பது கேம்பரைவிட, மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்முனைகள் வெளிநோக்கித் திரும்பியிருக்கும் டோ-அவுட்தான். ஆகவே டோவைச் சுழியத்தில் வைத்திருப்பது நல்லது.

இனி, வாங்கும் முடிவுக்கு அடிப்படையான ஓர் அளவீடு. ஷாக் அப்சார்பரின் தூசிக் கவசத்தை மேலே தள்ளிவிட்டு, பளபளக்கும் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்காமல் கட்டி, உருளையின் வாய் வரை இறக்கி விடுங்கள். பிறகு வழக்கமான பாதையில், வழக்கமான ஆட்களோடு, வழக்கமான வேகத்தில் போய் வாருங்கள். சக்கரம் மேலேறும் ஒவ்வொரு முறையும் டை தண்டில் நகர்ந்து, மிக அதிகமாக ஏறிய இடத்தில் நின்றிருக்கும். அங்கிருந்து பம்ப் ஸ்டாப் (சக்கரம் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) வரை மிச்சமிருக்கும் இடைவெளியே உங்கள் கையிருப்பு. சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. ஆனால் நம் உள்தெருக்களில் இருப்பவை பெரும்பாலும் அதைவிடக் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருப்பதால், பலருடைய காரில் டை பம்ப் ஸ்டாப்பைத் தொட்டே நிற்கும். அப்படி நின்றால் காரைத் தாழ்த்தும் எண்ணத்தை அப்போதே கைவிட வேண்டியதுதான்.

முதல் பெரிய செலவு ஷாக் அப்சார்பருக்கே போகட்டும். கம்பெனி உயரத்தையும் ஸ்பிரிங்கையும் அப்படியே வைத்துக்கொண்டு, அமுங்கிய ஷாக் திரும்ப நீளும் வேகத்தை அடக்கும் ரீபவுண்டு கட்டுப்பாடு கூடிய நல்ல ஷாக்கைப் பொருத்தினாலே கார் திசை மாறும் விதம் தெளிவாக மாறிவிடும். ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஷாக்கின் தண்டு மெதுவாக நகர்கிறது; பள்ளத்தில் விழும்போது வேகமாக நகர்கிறது. மெதுவான நகர்வில் இறுக்கமும் வேகமான நகர்வில் இளக்கமும் உள்ள ஷாக்கையே தேட வேண்டும். இரண்டிலும் இறுக்கமானது லாரித் தடங்களில் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி எறியும். தனி எண்ணெய்க் குப்பி வைத்த பந்தய வகைகள் நீண்ட ஓட்டத்தின் சூட்டைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. ஒரு நிமிட ஓட்டத்துக்கு அவை வீண் செலவு. பழைய வாகனப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய லோயர் ஆர்மைப் பார்த்து வாங்கலாம், ஆனால் பழைய ஷாக்கை வாங்கக்கூடாது. உள்ளே வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கையால் அமுக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஸ்பிரிங் விஷயத்தில் சிறு கணக்கு ஒன்று உதவும். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ எடை இருந்து, சக்கரத்தில் அளந்த விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்றால், காரின் அந்த மூலை நொடிக்கு ஏறத்தாழ 1.3 முறை ஊசலாடும். விறைப்பை 30 ஆக்கினால் அது 1.6 முறை ஆகும். நொடிக்கு 1.6 முறை என்பது முதுகு பொறுக்கும் அளவு. இரண்டுக்கு மேல் போனால் வீட்டில் உள்ளவர்கள் அந்தக் காரில் ஏற மறுப்பார்கள்.

தாழ்த்தும் ஸ்பிரிங் விற்பவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. மேக்ஃபர்சன் காரைத் தாழ்த்தும்போது லோயர் ஆர்மின் வெளி முனை மேலேறி, கார் பக்கவாட்டில் சாய்வதற்கு அச்சாக இருக்கும் புள்ளி காரின் எடைமையத்தைவிட அதிகமாகக் கீழிறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால் காரைச் சாய்க்கும் விசையும் கூடுகிறது. போதிய விறைப்பில்லாத ஸ்பிரிங்கோடு தாழ்த்திய கார் முன்னைவிட அதிகமாகச் சாய்ந்து, வளைவின் நடுவே பம்ப் ஸ்டாப்பில் போய் மோதி, ஸ்டியரிங்குக்கு அடங்காமல் நேராகப் போகும். பார்க்க அழகாக இருப்பதை மறுக்கவில்லை.

முன்சக்கர இயக்கக் காருக்கு ஷாக்கை அடுத்து நான் பரிந்துரைப்பது பின்பக்க ஸ்டெபிலைசர் பார், அதாவது இடவலச் சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி. பின்பக்கம் சாய்வதை அது எதிர்ப்பதால் வெளிப்பக்க முன்சக்கரத்தின் சுமை குறைந்து, கார் கோனைச் சுற்றி எளிதாகத் திரும்பும். உள்பக்கப் பின்சக்கரம் சற்றே தரையை விட்டு எழுந்தாலும் அஞ்ச வேண்டாம். சக்கரத்தின் நகர்விடம் இதில் சிறிதும் குறைவதில்லை. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நனைந்த மேம்பாலச் சரிவில் திடீரென ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வழுக்கக்கூடும் என்பதால், துளை மாற்றி இறுக்கத்தைக் குறைக்கக்கூடிய பாரையே வாங்கி, மழைக்காலத்தில் இளகிய துளைக்கு மாற்றிவிட வேண்டும். பின்சக்கர இயக்கக் காருக்கு இதைச் செய்யாதீர்கள். அங்கே முன்பக்கப் பாரைக் கவனிக்க வேண்டும்.

உயரம் மாற்றக்கூடிய காயிலோவர் (ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகம்) வாங்கியே தீருவேன் என்பவர், குறைந்த உயரத்தைக் காட்டிப் பெருமைப்படாமல், கம்பெனி உயரத்திலேயே வைத்து ஓட்டலாம். அதன் மரைகளில் உப்புக்காற்றும் தேங்கிய மழைநீரும் பட்டு, உயரத்தை மாற்றும் வளையம் இறுகிவிடும். கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தண்ணீரில் இறங்கி ஏறிய அன்றே நல்ல தண்ணீரால் கழுவி, காய்ந்ததும் கிரீஸ் பூசினால்தான் அடுத்த ஆண்டு அது சுழலும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் செய்யவிருக்கும் மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். போட்டியில் ஓட்டும்போது நேரும் சேதத்தைச் சாதாரணக் காப்பீடு ஏற்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பொருத்தும் நாளில் மெக்கானிக்கின் அருகில் நின்று ஒன்றை மட்டும் வலியுறுத்துங்கள்: லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டுகளைக் கார் லிஃப்டில் தொங்கும்போது இறுதியாக முறுக்கக்கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, காரின் எடை முழுதும் இறங்கிய பிறகே முறுக்க வேண்டும். இல்லையேல் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங்கையும் மாற்றியிருந்தால் அது படிவதற்குச் சில நாள் ஓட்டிவிட்டு, அதன்பின் அலைன்மென்ட் செய்து, முகப்பு விளக்கின் உயரத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.