குடும்ப போதை நீதிமன்றத்தில் புதிய மென்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் போதைப் பழக்கத்தால் பிள்ளைகளை அரசுப் பராமரிப்பில் விட நேர்ந்த பெற்றோருக்கென்று தனி நீதிமன்றங்கள் இருக்கின்றன. 1990களின் நடுவில் நெவாடாவின் ரீனோ நகரில் தொடங்கிய முறை இது. இதே வழியில் வந்து மீண்டவர்கள் பல இடங்களில் புதிய பெற்றோருக்கு மென்டராகத் துணை நிற்கிறார்கள். புதிதாகச் சேர்கிறவர்கள், நாங்கள் ஆரம்பத்தில் செய்த தவறுகளையே திரும்பச் செய்வதைப் பார்க்கிறேன். நேரத்துக்கு வருவது, போனை எடுப்பது எல்லாம் யாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

"அவசரமில்லை, மெதுவா ஆகட்டும்" என்பது

மீண்டவர்களின் கூட்டங்களில் இது நல்ல வார்த்தை. இன்று ஒரு நாளைக் கடந்தால் போதும் என்றுதான் பலரும் பிழைத்தோம். ஆனால் இந்த நீதிமன்றத்தில் சட்டம் நாட்களை எண்ணிக்கொண்டே இருக்கிறது. 1997இல் வந்த மத்தியச் சட்டப்படி, கடைசி 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தால், பெற்றோர் உரிமையை ரத்து செய்யக் கோரி மாநிலம் மனுப்போட வேண்டும். குழந்தை உறவினரிடம் இருந்தாலோ, அரசு தர வேண்டிய உதவியைத் தராமல் விட்டிருந்தாலோ விலக்கு கிடைக்கலாம். அதை நம்பி உட்கார முடியாது. குழந்தை இனி யாரிடம் வளரும் என்ற விசாரணை 12 மாதத்துக்குள்ளேயே வந்துவிடும். சிகிச்சை மையத்தில் இடம் கிடைக்கக் காத்திருக்கும் வாரங்களும் இந்தக் கணக்கில்தான் கழியும்.

ஒரு தாயின் மென்டர் நல்ல மனசுக்காரர். "முதல்ல நீங்க குணமாகுங்க, வீடு, குழந்தையைப் பார்க்கிறது எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அந்தத் தாய் சிகிச்சையில் ஒரு வகுப்பைக்கூட விடவில்லை. சிறுநீர்ப் பரிசோதனையிலும் ஒன்றும் வரவில்லை. ஆனால் மகனைப் பார்க்கும் சந்திப்புகள் விட்டுப்போயின, வீட்டு உதவிக்கு விண்ணப்பமே போகவில்லை. விசாரணையில், மகனைத் தத்துக்கொடுப்பது என்று திட்டம் மாறியது. போதையை விட்ட பிறகும் ஒரு தாய் பிள்ளையை இழப்பதா? நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. தடுத்திருக்கக்கூடிய இழப்பு அது.

முதல் வாரமே நீங்கள் துணை நிற்கும் பெற்றோரின் வக்கீலிடம் கேட்டு, கணக்கு தொடங்கிய நாளையும் விசாரணைத் தேதிகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். குழந்தையை எடுத்த நாளிலேயே கணக்கு தொடங்கும் என்றில்லை. அதனால் ஊகிக்க வேண்டாம். சிகிச்சை, சந்திப்பு, வீடு மூன்றும் ஒரே நேரத்தில் நகரட்டும்.

மறுபடி போதை எடுத்ததை மறைக்கத் துணைபோவது

பரிசோதனையில் தெரிந்துவிடும். தானாகச் சொன்னால் பெரும்பாலும் சிகிச்சையை மாற்றுவார்கள். பொய் சொன்னால் நீதிபதியின் நம்பிக்கை போய்விடும். அன்றே கவுன்சிலரிடம் கூட்டிப்போங்கள்.

"உன் பிள்ளை நிச்சயம் வந்துடும்"

சொல்லாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை.

கடன் கொடுப்பது

வேண்டாம்.

எல்லாம் ரகசியம் என்று வாக்குக் கொடுப்பது

குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் நீங்கள் சொல்லியாக வேண்டும். அவர் மனம்விட்டுப் பேசத் தொடங்கும் முன்பே, முதல் சந்திப்பிலேயே, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.