கும்பகோணத்தில் சனி, ஞாயிறு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளிக்கிழமை இரவு ரயிலேறி, விடியற்காலையில் கும்பகோணத்தில் வந்து இறங்குகிறவர்களை இந்த ஊரில் இருந்தபடி பல வருடமாகப் பார்க்கிறேன். சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது என் வேலை. முன்பு நான் செய்த அதே தவறுகளைப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும்போது சும்மா இருக்க முடியவில்லை. வேட்டி எடுத்து வாருங்கள், நகையைப் பத்திரமாக வையுங்கள் என்பதை வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் முடித்துவிடும் அவசரம்

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். வண்டி வாடகையும் போய், இரண்டு நாளும் போய், கடைசியில் எந்தக் கோயிலையும் பார்த்த நிறைவு இருக்காது.

முதலில் ஒன்பதும் எங்கெங்கே இருக்கின்றன என்று பாருங்கள். சந்திரனுக்குரிய திங்களூர் மேற்கே, திருவையாற்றுக்குப் பக்கத்தில். கேதுவுக்குரிய கீழப்பெரும்பள்ளம் கிழக்கே, பூம்புகாருக்குப் பக்கத்தில். சனீசுவரனின் திருநள்ளாறு காரைக்கால் பகுதியில். குருவின் ஆலங்குடி தெற்கே, நீடாமங்கலம் போகும் சாலையில். செவ்வாய்க்குரிய வைத்தீசுவரன் கோயிலும் புதனுக்குரிய திருவெண்காடும் சீர்காழிப் பக்கம். இந்த ஊர்ச் சாலைகள் ஆற்றையும் வாய்க்காலையும் ஒட்டி வளைந்து போகிறவை. இதற்கு நடுவில், பெரும்பாலான கோயில்களில் 12, 12.30 மணிக்கு நடை சாத்தினால் மறுபடி 4 மணிக்கு மேல்தான் திறப்பார்கள். பகல் பொழுதில் நாலு மணி நேரம் கையில் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும். வண்டி பேசும்போது இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஒரு முறை சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கூடவே எண்பது வயதைத் தொடும் பாட்டி. ஒன்பது கோயில் என்று ஏற்கெனவே வண்டி பேசிவிட்டார்கள். துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டார்கள். முதலில் திங்களூர். அது அப்பூதியடிகளின் ஊர் என்பது பாட்டிக்குத் தெரியும். பாம்பு தீண்டிய அப்பூதியின் மகனை எழுப்ப அப்பர் ‘ஒன்றுகொலாம்’ பதிகம் பாடியதாகச் சொல்லப்படும் இடம். பாட்டி சந்நிதியில் நின்று அதை மெல்லப் பாடத் தொடங்கினார். இரண்டாவது பாட்டுக்கூட முடியவில்லை, வாசலில் ஹாரன் சத்தம். “அம்மா, வாங்கம்மா, நேரமாச்சு. இன்னும் எட்டு இருக்கு” என்று மகன் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அப்படி ஓடியும் திருவெண்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியாகிவிட்டது. மாலைவரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தைத் திங்களூரில் பாட்டிக்குக் கொடுத்திருந்தால் பதிகம் முழுவதையும் பலமுறை பாடியிருப்பார். நடை திறந்த பிறகும் புதனுக்கு ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வெளியே ஓட்டம். திருவெண்காட்டின் சிறப்பான அகோரமூர்த்தியைக் கும்பிடவும் நேரம் இல்லை என்றார்கள். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன்.

இந்த ஒன்பதில் கிரகங்களுக்கென்றே எழுந்தது சூரியனார் கோயில் ஒன்றுதான். அது முதலாம் குலோத்துங்கன் காலத்தது. மற்றவை எல்லாம் சிவன் கோயில்கள். அவற்றில் பல தேவாரப் பாடல் பெற்றவை. கிரகத்தின் சந்நிதியை மட்டும் தொட்டுவிட்டு ஓடினால் அந்தக் கோயிலுக்குப் போனதாகவே நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பரிகாரம் என்று வேண்டுதல் இருந்தால் அதற்குரிய ஒரு கோயிலுக்குப் போய் நிதானமாகச் செய்யுங்கள். இல்லையென்றால் ஒரு திசையைப் பிடியுங்கள். கிழக்கே போனால் ராகுவுக்குரிய திருநாகேசுவரம், அதை ஒட்டி ஒப்பிலியப்பன், பிறகு மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய திருபுவனம், அப்படியே திருவிடைமருதூர். ஆடுதுறைப் பக்கம் சூரியனார் கோயிலும் சுக்கிரனுக்குரிய கஞ்சனூரும் கிட்டக்கிட்ட இருக்கின்றன. இதில் காலையில் மூன்று, மாலையில் இரண்டு போதும். திருபுவனத்தில் பட்டுத் தறிகள் ஓடுகிற ஊரைப் பார்த்தே நடுப்பகலைக் கழித்துவிடலாம்.

தாராசுரத்தை ‘போகிற வழியில்’ என்று வைப்பது

ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர்தானே என்று அரை மணி நேரம் ஒதுக்குகிறார்கள். தேர்ச் சக்கரத்தோடும் குதிரையோடும் ஒரு படம், யானையும் காளையும் ஒரே தலையைப் பகிரும் சிற்பத்தோடு ஒரு படம், அவ்வளவுதான்.

இங்குள்ள ஐராவதேசுவரர் கோயிலைக் கட்டியவன் இரண்டாம் ராஜராஜன். சேக்கிழார் பெரியபுராணம் பாடியது அவன் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். நூல் வந்து ஒரு தலைமுறைக்குள் நாயன்மார் கதைகளைக் கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் வரிசையாகச் செதுக்கிவிட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு முழம்கூட இருக்காது. பலவற்றின் மேல் பெயரும் வெட்டியிருக்கிறது. குனிந்து, உட்கார்ந்து பார்க்க வேண்டியவை. சுந்தரர் பாட, முதலை வாயிலிருந்து பிள்ளை வெளிவரும் காட்சியைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் குழந்தைகளை விட்டுப் பாருங்கள், அவர்கள் கிளம்பவே மாட்டார்கள். வெயில் சாய்ந்து விழும் காலை நேரத்தில் போங்கள். உச்சி வெயிலில் கல்லின் மேடு பள்ளம் தெரியாது, கல்தரையும் காலைச் சுடும்.

தஞ்சாவூர் போகிறவர்கள் அரண்மனைக் கலைக்கூடத்தையும் பார்த்துவிடுங்கள். சாளுக்கியரின் கல்யாணபுரத்தை வென்று முதலாம் ராஜாதிராஜன் கொண்டுவந்த துவாரபாலகர் தாராசுரத்தில்தான் இருந்தார். இப்போது அந்தக் கலைக்கூடத்தில் இருக்கிறார். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகன தேவர் செப்புத் திருமேனியும் அங்கேதான்.

ஞாயிறு மாலை திருநாகேசுவரம்

4.30 முதல் 6 வரை ராகுகாலப் பாலாபிஷேகம். வேண்டுதல் இல்லாதவர்கள் அந்தக் கூட்டத்தில் மாட்டாமல் வேறு நேரத்தில் போங்கள்.

சுவாமிமலையில் சிலை வாங்குவது

முருகனைக் கும்பிட்டு இறங்கியதும் முதல் கடையில் நுழைந்து விலை பேசிவிடாதீர்கள். முதலில் ஒரு பட்டறைக்குப் போய், அனுமதி கேட்டு, வேலையைப் பாருங்கள். தென்னங்கீற்றை மடித்து அளவு எடுப்பார்கள். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுவார்கள். சூட்டில் மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் அச்சை உடைப்பார்கள். அச்சு உடைந்துவிடுவதால் அதே அச்சில் இன்னொரு சிலை வராது. கண்ணும் விரலும் அதன் பிறகு உளியால் திருத்தப்படுபவை. இதைப் பார்த்தபின் விலையை அடித்துக் கேட்க உங்களுக்கே மனம் வராது. ‘பழைய சிலை’ என்று யாராவது காட்டினால் விலையே கேட்காமல் நகர்ந்துவிடுங்கள்.

டிகிரி காபி

நெடுஞ்சாலையில் ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்ற பலகையைப் பார்த்து நிறுத்த வேண்டாம். ஊருக்குள் வந்து குடியுங்கள்.

மகாமகத்துக்கு வருகிறவர்கள்

அடுத்தது 2028. அறை தேடுவதைக் கடைசி மாதத்துக்கு வைக்காதீர்கள்.

கங்கைகொண்ட சோழபுரத்தை நடுவில் செருகுவது

வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அங்கே போய்த் திரும்பிவந்து மறுபடி ஊர்க் கோயில்களைப் பார்ப்பதென்றால் அரை நாள் போய்விடும். சொந்தக் காரில் சென்னை திரும்புகிறவர்கள் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அறையைக் காலி செய்துகொண்டு, அணைக்கரை வழியாகப் போய், நடை திறக்கும் நேரத்துக்கு அங்கே இருங்கள். வடபக்கச் சுவரில் சண்டேசருக்குச் சிவன் கொன்றைமாலை சூட்டும் சிற்பத்தைப் பார்த்துவிட்டு, மீன்சுருட்டி வழியே சென்னைச் சாலையைப் பிடித்துவிடலாம்.