தாரைகளால் காற்றோட்டப் பிரிவைத் தள்ளிப்போடும் முறை

இறக்கையின் தாக்குகோணம் (எதிர்வரும் காற்றோடு அது அமைக்கும் கோணம்) கூடும்போது, மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் மெல்லிய காற்றுப் படலமான எல்லை அடுக்கு, ஏறிவரும் அழுத்தத்தை எதிர்த்துச் செல்லும் உந்தத்தை இழந்து பரப்பைவிட்டு விலகுகிறது. அப்படி விலகும் இடத்துக்கு முன்னே சிறு துளைகள் வழியாகக் காற்றுத் தாரைகளைச் செலுத்தினால், அவை எழுப்பும் சுழல்கள் வெளியிலுள்ள வேகமான காற்றைப் பரப்பருகே இறக்கி, இந்தப் பிரிவைத் தள்ளிப்போடும். எவ்வளவு வலுவாக ஊதுகிறோம் என்பதைவிட, எங்கே, எந்தத் திசையில், எந்த அதிர்வெண்ணில் ஊதுகிறோம் என்பதே பெரிதும் முக்கியம்.

முதலில், காற்றுச் சுரங்கத்தில் வைத்த மாதிரியின்மீது நூல் துணுக்குகளை ஒட்டிப் பிரிவுக் கோட்டைக் கண்டறிய வேண்டும். அமைதியாகப் படிந்திருந்த நூல்கள் துடித்து, முன்பக்கமாகத் திரும்பத் தொடங்கும் இடமே அது. துளைகளை அதற்குச் சற்று முன்னே அமைக்க வேண்டும். ஏற்கெனவே பிரிந்துவிட்ட காற்றுக்குள் ஊதுவது பெரும்பாலும் வீண்.

நிலையான தாரையானால், துளையைப் பரப்பிலிருந்து 30 முதல் 45 பாகை சாய்வில் துளைத்து, ஓட்டத்திசையிலிருந்து 60 முதல் 90 பாகை பக்கவாட்டில் திருப்புவது வழக்கம். செங்குத்துத் தாரை எதிரெதிராகச் சுழலும் சுழல் இணையை உருவாக்க, அந்த இணை விரைவில் பரப்பைவிட்டு மேலேறிவிடும். சாய்த்துத் திருப்பிய தாரையோ பரப்பை ஒட்டியே நீளும் ஒற்றைச் சுழலாக வலுப்பெறும்.

அலைவுத் தாரையானால், அதாவது அதிரும் டயஃப்ரம் ஒன்று துளைவழியே காற்றை மாறி மாறி ஊதி உறிஞ்சுவதானால், அதிர்வெண்ணைப் பிரிவுப் பகுதியின் நீளத்தால் பெருக்கிக் காற்றின் வேகத்தால் வகுத்தால் ஏறத்தாழ 1 வருமாறு தொடங்கலாம்: 0.2 மீட்டர் நீளத்துக்கும் நொடிக்கு 20 மீட்டர் வேகத்துக்கும் அது 100 ஹெர்ட்ஸ். பீசோ டயஃப்ரம் (மின்னழுத்தத்தால் அதிரும் மெல்லிய தகடு) தன் ஒத்ததிர்வில்தான் போதிய வீச்சைத் தரும் என்பதாலும், அந்த ஒத்ததிர்வு பெரும்பாலும் இதைவிட மிக உயரத்தில் இருப்பதாலும், அதை ஒத்ததிர்விலேயே இயக்கி, நொடிக்கு 100 முறை விட்டுவிட்டு இயங்கச் செய்வது நல்லது.

சுரங்கக் காற்றை நிறுத்திவிட்டு, துளைவாயில் வெப்பக்கம்பி (காற்று குளிர்விக்கும் அளவைக்கொண்டு வேகத்தைக் காட்டும் சூடான மெல்லிய கம்பி) வைத்துத் தாரையின் வேகத்தை அளக்க வேண்டும். கம்பிக்குத் திசை தெரியாது. ஊதலையும் உறிஞ்சலையும் ஒன்றுபோலவே காட்டும். ஆகவே ஒரு சுற்றில் தெரியும் இரு முகடுகளில் உறிஞ்சலுக்குரியதைக் குறிமாற்றிக் கணக்கிட வேண்டும். எது உறிஞ்சல் என்ற ஐயம் எழுந்தால், கம்பியைத் துளையிலிருந்து சற்று விலக்கிப் பார்க்கலாம். உறிஞ்சலின் முகடே முதலில் மங்கும்.

ஒப்பீட்டுக்குத் தாரையை வெறுமனே அணைத்தால் போதாது, ஏனெனில் திறந்த துளையே ஓட்டத்தைக் குலைக்கும். துளைகளை மெல்லிய நாடாவால் மூடியும் ஒருமுறை அழுத்தப் பரவலை அளக்க வேண்டும். 2015இல் நாசாவும் போயிங்கும் 757 விமானத்தின் செங்குத்து வாலில், சுக்கானுக்கு முன்னே, தாரையைப் பக்கவாட்டில் மாறி மாறி வீசும் 31 அலைதாரை இயக்கிகளைப் பொருத்திப் பறக்கவிட்டபோது, அவற்றுக்கான அழுத்தக் காற்றைத் விமானத்தின் துணைத் திறன் அலகிலிருந்து (APU எனும் சிறு துணை எஞ்சின்) எடுத்தன. ஆய்வகத்திலும் அமுக்கிக்கோ டயஃப்ரத்துக்கோ செலவாகும் திறனை இழுவையில் கிடைத்த ஆதாயத்திலிருந்து கழித்த பிறகே முடிவைக் குறித்துக்கொள்ள வேண்டும்.