எல்லுக்கும் 'ஆம்', எம்முக்கும் 'ஆம்' போட்டவன் எழுதும் செய்முறை: சான் பிரான்சிஸ்கோ உள்ளூர் முன்மொழிவுகளைப் படிப்பது எப்படி

குடியுரிமை வாங்கிய பிறகு நான் போட்ட முதல் ஓட்டு 2024 நவம்பரில். அதிபர், செனட்டர், மேயர் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. மிச்ச அட்டைகளை எடுத்தபோதுதான் தலை சுற்றியது. மாநில அளவில் 10 கேள்வி, நகர அளவில் 15 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. சின்னம் கிடையாது, கட்சி கிடையாது. நம் ஊரில் மாநகராட்சிச் சட்டத்தைத் திருத்துவது சட்டமன்றத்தின் வேலை, ஓட்டுப் போடுகிறவரிடம் யாரும் ஷரத்தை நீட்டி "இது இருக்கட்டுமா?" என்று கேட்பதில்லை. இங்கே நகர சாசனத்தில் ஒரு வரியை மாற்றவும் நம் வீட்டுத் தபால்பெட்டிக்கு வந்துவிடுகிறார்கள்.

அந்தத் தடவை எல் என்ற முன்மொழிவுக்கும் ஆம் போட்டேன், எம்முக்கும் ஆம் போட்டேன். இரண்டும் ஜெயித்தன. ஆனால் எல் சட்டமாகவில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அடுத்த தடவை நண்பர்கள் யாரும் இப்படி முழிக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பதிவு செய்வது, முகவரி மாற்றுவது இதெல்லாம் தேர்தல் துறைத் தளத்தில் தெளிவாகவே இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

1. எண்ணா, எழுத்தா?

எண் இருந்தால் மாநிலத்தின் முன்மொழிவு. எழுத்து இருந்தால் நகரத்தினுடையது. 2024இல் மாநிலத்துக்கு 2 முதல் 6 வரை, பிறகு 32 முதல் 36 வரை. நகரத்துக்கு ஏ முதல் ஓ வரை. இரண்டையும் ஒரே நாளில் படிக்காதீர்கள். வீட்டுக்கு வரும் வாக்காளர் கையேடு மாநிலத்துக்கு வேறு, நகரத்துக்கு வேறு. இந்தப் பதிவு எழுத்துகளைப் பற்றியது.

2. இது எந்த ஜாதி முன்மொழிவு?

நகர அளவில் பெரும்பாலும் மூன்று வகை. சாசனத் திருத்தம், சாதாரண உள்ளூர்ச் சட்டம், கடன் பத்திரம் (கடன் வாங்க அனுமதி கேட்பது). எப்போதாவது 'கொள்கை அறிவிப்பு' என்று ஒன்று வரும். அதற்குச் சட்ட பலம் கிடையாது.

சாசனம் என்பது நகரத்தின் அரசியலமைப்பு மாதிரி. மேயருக்கு என்ன அதிகாரம், எந்தத் துறை யார் கையில், ஓய்வூதியம் எப்படி என்பதெல்லாம் அதில்தான். மேற்பார்வையாளர் குழு (நம் ஊர் மாநகராட்சி மன்றம் மாதிரி) தானாக அதைத் திருத்த முடியாது. 11 பேரில் 6 பேர் சேர்ந்து வாக்குச்சீட்டில் ஏற்றலாம். அல்லது பதிவுபெற்ற வாக்காளர்களில் 10 சதவீதம் பேரின் கையெழுத்தோடு மனு வரலாம். முடிவு செய்வது வாக்காளர்தான். 2024இல் நகரக் கணக்கு அலுவலகத்துக்குள் ஒரு தலைமை ஆய்வாளர் பதவியை உண்டாக்கிய சி அப்படிப்பட்ட திருத்தம்.

சாதாரணச் சட்டம்தானே, அப்புறம் குழு மாற்றிக்கொள்ளும் என்று நினைத்து அசட்டையாக இருக்க வேண்டாம். கலிபோர்னியாவில் வாக்காளர் நிறைவேற்றிய உள்ளூர்ச் சட்டத்தை, அந்தச் சட்டமே அனுமதித்தால் ஒழிய, மறுபடி வாக்காளரிடம் போகாமல் மாற்ற முடியாது. கடற்கரையை ஒட்டிய அப்பர் கிரேட் ஹைவேயில் கார்கள் போவதை நிரந்தரமாகத் தடுத்த கே சாதாரணச் சட்டம்தான். நகரம் முழுக்க ஓட்டுப் போட்டு அது ஜெயித்தது; 2025 ஏப்ரலில் அங்கே சன்செட் டியூன்ஸ் பூங்கா திறந்தது. அந்தச் சாலையை அன்றாடம் பயன்படுத்திய சன்செட் பகுதிக்காரர்கள், கேயை ஆதரித்த தங்கள் மேற்பார்வையாளர் ஜோயல் எங்கார்டியோவை அதே ஆண்டு செப்டம்பரில் ஓட்டுப் போட்டுப் பதவியிலிருந்து இறக்கினார்கள். சாதாரணச் சட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம், விளைவு சாதாரணமாக இருக்காது.

கையேட்டில் ஒவ்வொரு முன்மொழிவுக்கும் 'இது எப்படி வாக்குச்சீட்டுக்கு வந்தது' என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். யார் ஆதரித்து ஏற்றினார்கள், மனுவா, குழுவா என்பது அங்கே. எல்லோரும் தாண்டிப் போகும் கட்டம் அது. நான் முதலில் படிப்பது அதைத்தான்.

3. ஜெயிக்க எத்தனை வேண்டும்?

எல்லாவற்றுக்கும் பாதிக்கு மேல் என்று நினைத்திருந்தேன். இல்லை. 2024இல் பள்ளிகளுக்கான 79 கோடி டாலர் பத்திரம் ஏ. அதற்கு 55 சதவீதம் வேண்டும். 2000ஆம் ஆண்டு மாநில வாக்காளர்கள் பள்ளிப் பத்திரங்களுக்குக் கொடுத்த சலுகை அது. நகரத்தின் 39 கோடி டாலர் பத்திரம் பி. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு. வீட்டு வசதி, உள்கட்டமைப்புப் பத்திரங்களுக்கும் 55 போதும் என்று மாற்றச் சொன்ன மாநில முன்மொழிவு 5 அதே வாக்குச்சீட்டில் தோற்றுப்போனது.

வரி என்றால் இன்னும் குழப்பம். பொதுவான செலவுக்கு நகரம் கொண்டுவரும் வரிக்குப் பாதிக்கு மேல் போதும். குறிப்பிட்ட ஒரு வேலைக்கென்று நகரம் கொண்டுவரும் வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு; 1978இன் முன்மொழிவு 13 காலத்திலிருந்து அப்படித்தான். ஆனால் அதே வரி மக்கள் மனு வழியாக வந்தால் பாதிக்கு மேல் போதும் என்று 2017க்குப் பிறகு நீதிமன்றங்கள் சொல்லிவருகின்றன. 'எப்படி வந்தது' கட்டத்தை முதலில் படிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒன்று: பத்திரம் சொத்து வரியில் போய் நிற்கும், நமக்கென்ன என்று விட்டுவிடாதீர்கள். கூடும் வரியில் பாதி வரை குடியிருப்பவர் மேல் ஏற்றலாம் என்று பி போன்றவற்றில் எழுதியே இருக்கும்.

4. வாலிலிருந்து படியுங்கள் (நான் விழுந்த இடம்)

எல் என்ன சொன்னது? செயலி வழியே டாக்சி ஓட்டும் நிறுவனங்கள், ஓட்டுநர் இல்லாக் கார் நிறுவனங்கள் இவற்றின் நகர வருமானத்தில் 5 லட்சம் டாலருக்கு மேற்பட்டதற்கு 1 முதல் 4.5 சதவீதம் வரி. பணம் முனிக்கு, அதாவது நம் பஸ்ஸுக்கும் டிராமுக்கும். தினமும் பஸ்ஸில் போகிறவன், ஆம் போட்டேன். எம் என்ன சொன்னது? நகரத்தின் தொழில் வரி முழுவதையும் மாற்றி அமைப்பது. 50 லட்சம் டாலர் வரை வருமானம் உள்ள சின்ன வியாபாரங்களுக்கு விலக்கு. அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆம்.

இரண்டு தனித்தனிக் கேள்வி, இரண்டு தனித்தனிப் பதில் என்று நினைத்தேன். எல்லுக்கு ஏறத்தாழ 57 சதவீதம் கிடைத்தது. மக்கள் மனு வழி வந்ததால் ஜெயிக்க அது தாராளம். எம்முக்கு 70ஐ ஒட்டிக் கிடைத்தது. எம்மின் சட்ட வாசகத்தில் ஒரு ஷரத்து: எல் வாங்கியதைவிட எம் அதிக வாக்கு வாங்கினால் எல் செல்லாது. அவ்வளவுதான், கதை முடிந்தது. எல்லுக்காக நான் போட்ட 'ஆம்'-ஐ எம்முக்கு நான் போட்ட 'ஆம்'தான் தின்றுவிட்டது.

யாரும் மறைத்து வைக்கவில்லை. அதைச் சொல்லும் வரி கையேட்டிலேயே இருந்தது. நான்தான் 'ஆம் போட்டால் என்ன பொருள், இல்லை போட்டால் என்ன பொருள்' பகுதியை மட்டும் படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டினேன்.

ஆகவே செய்ய வேண்டியது இது. கையேட்டின் பின்பகுதியில் முழுச் சட்ட வாசகமும் அச்சாகியிருக்கும். ஒவ்வொரு முன்மொழிவின் வாசகத்திலும் கடைசி இரண்டு மூன்று பிரிவுகளுக்கு நேராகப் போங்கள். 'முரண்படும் முன்மொழிவுகள்', 'நடைமுறைக்கு வரும் நாள்', 'திருத்தும் முறை' இவை அங்கேதான் குடியிருக்கும். வேறொரு முன்மொழிவின் பெயர் கண்ணில் பட்டால் இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டில் உங்களுக்கு எது முக்கியமோ அதற்கு மட்டும் ஆம் போடலாம், அல்லது இரண்டுக்கும் போட்டு எது மேலே வந்தாலும் சரி என்று விடலாம். தெரிந்து செய்தால் இரண்டும் சரிதான்.

டியும் ஈயும் இதே மாதிரி ஜோடி. நகரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆணையங்கள். 65க்கு மேல் கூடாது என்றது டி. முதலில் ஒரு குழு போட்டு எவை வேண்டும், எவை வேண்டாம் என்று ஆராயலாம் என்றது ஈ. டி தோற்றது, ஈ வென்றது, அதனால் மோதலே வரவில்லை. ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு எழுத்து வந்தாலே சந்தேகப்படுங்கள். பல சமயம் ஒன்றைத் தடுக்கத்தான் இன்னொன்று வரும்.

5. கோடும் நட்சத்திரமும்

சட்ட வாசகத்தில் புதிதாகச் சேர்ப்பது அடிக்கோட்டுடன் சாய்வெழுத்தில் இருக்கும். நீக்குவது குறுக்கே அடித்த கோட்டுடன் இருக்கும். சாதா எழுத்து மாறாதது. நடுவில் நான்கு நட்சத்திரம் வரும். முதல் தடவை பார்த்தபோது இத்தனை பத்தியையும் நீக்குகிறார்கள் போல என்று பதறிவிட்டேன். அப்படியில்லை. மாறாத பகுதி என்பதால் அச்சிடாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவே.

அடித்த வரிகளை மட்டும் ஒருமுறை தொடர்ந்து படித்துப் பாருங்கள். என்ன சேர்கிறது என்று பிரச்சாரக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். என்ன போகிறது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

இதற்குக் காகிதக் கையேடுதான். பிடிஎப் கோப்பைக் கைபேசியில் திறந்தால் அடிக்கோடும் குறுக்குக்கோடும் ஒன்றுபோலத் தெரிகின்றன. தலையணை கனத்தில் வரும் அந்தப் புத்தகமும் ஒரு பென்சிலும் போதும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்துச் சுருக்கச் சொல்லியும் பார்த்தேன். அழகாகச் சுருக்கியது, கடைசிப் பிரிவை விட்டுவிட்டு!

6. யார் பேச்சைக் கேட்பது

கையேட்டில் வாதங்கள் மூன்று விதம். அதிகாரபூர்வ ஆதரவு, எதிர்ப்பு, அவற்றுக்கான மறுப்பு ஒரு விதம். காசு கொடுத்துப் போட்ட வாதங்கள் இன்னொரு விதம்; கீழே பணம் எங்கிருந்து வந்தது என்று பொடி எழுத்தில் இருக்கும், அதைத்தான் படிக்க வேண்டும். மூன்றாவது, எதிர்ப்பு வாதமே வராத முன்மொழிவு. 'எதிர்ப்பு எதுவும் தரப்படவில்லை' என்று ஒற்றை வரி இருந்தால் உங்கள் நேரத்தை வேறொரு எழுத்துக்குச் செலவழிக்கலாம்.

கணக்கு அதிகாரியின் செலவு அறிக்கையை மட்டும் தவறவிடாதீர்கள். அலங்காரமில்லாத நாலு பத்தி, கையேட்டிலேயே எனக்குப் பிடித்த எழுத்து அதுதான்.

வெளியே என்றால், கட்சி சார்பற்ற மகளிர் வாக்காளர் சங்கத்தின் சாதக பாதகக் குறிப்பு நல்லது. நகரத் திட்டமிடல் பற்றி ஆராயும் ஸ்பர் அமைப்பின் வழிகாட்டி தன் நிலைப்பாட்டை வெளிப்படையாகச் சொல்லும், ஆனால் பின்னணி வரலாறு அங்கே கிடைக்கும். தபாலில் வரும் பளபள அட்டைகளைக் குப்பையில் போடுங்கள். 'ஜனநாயக வாக்காளர்களின் பரிந்துரை' என்ற மாதிரித் தலைப்போடு வரும் பட்டியல் அட்டையில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருக்கும். அந்த இடத்துக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கலிபோர்னியச் சட்டப்படி போட்டே ஆக வேண்டிய குறி அது.

7. நிரப்பி, கையெழுத்துப் போட்டு

கறுப்பு அல்லது நீலப் பேனா. முட்டை வட்டத்தை முழுக்க நிரப்புங்கள். உறைமேல் கையெழுத்தை மறக்காதீர்கள். தமிழில் கையெழுத்துப் போடுகிற பழக்கம் உள்ளவர்கள் கவனம்: பதிவில் எப்படிப் போட்டீர்களோ, உறையிலும் அப்படியே. பொருந்தவில்லை என்றால் தேர்தல் துறை கடிதம் அனுப்பும், அதற்குப் பதில் எழுதிச் சரிசெய்யலாம். ஆனாலும் எதற்கு வீண் அலைச்சல்?

சேர்க்கை 1. ஒன்றிரண்டை வெறுமனே விட்டால் சீட்டு செல்லாதாகிவிடுமா, அது 'இல்லை' என்று கணக்காகுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இரண்டும் இல்லை. அந்தக் கேள்விக்கு ஓட்டுப் போட்டவர்களை மட்டும் வைத்துத்தான் சதவீதம். 15ஐயும் நிரப்பியே தீர வேண்டும் என்று புரியாமல் குத்துவதைவிட விடுவது மேல் என்பது என் கட்சி.

சேர்க்கை 2. "சட்டம் பிடிக்கவில்லை, ஆகவே ஆம் போட்டேன், தப்பா?" என்றார் ஒருவர். அவர் சொன்னது ஏற்கெனவே இயற்றிய சட்டத்தை எதிர்த்து வரும் பொதுவாக்கெடுப்பை. அதில் ஆம் என்றால் சட்டம் இருக்கட்டும், இல்லை என்றால் சட்டம் வேண்டாம். 2022இல் வாசனையூட்டிய புகையிலைக்குத் தடை போட்ட மாநிலச் சட்டம் முன்மொழிவு 31ஆக வந்தபோதும் இதே குழப்பம்தான். வாக்கெடுப்பைக் கொண்டுவந்தவர்கள் தடையை எதிர்த்தவர்கள், ஆனால் தடை வேண்டுமென்றால் போட வேண்டியது ஆம். தப்புத்தான் சார், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

சேர்க்கை 3. விரிகுடாவின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி, தன் கையேட்டில் கோடு போட்ட வாசகமே காணவில்லை என்று எழுதியிருந்தார். நான் சொன்னதெல்லாம் சான் பிரான்சிஸ்கோ வழக்கம். மற்ற நகரங்களில் நகர வழக்கறிஞர் 500 சொல்லுக்குள் எழுதும் நடுநிலை அலசல் இருக்கும். முழு வாசகத்தை அச்சிடாதபோது, அந்த அலசலுக்குக் கீழேயே ஒரு தொலைபேசி எண் கொடுத்திருப்பார்கள். கூப்பிட்டால் இலவசமாகத் தபாலில் அனுப்ப வேண்டும். அவர் கூப்பிட்டிருக்கிறார், நான்கு நாளில் வந்துவிட்டதாம். கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தேன் அண்ணா என்று எழுதியிருக்கிறார்.