கைதுப் பதிவு ஓரிடம், கோர்ட் பதிவு வேறிடம்: டெக்சஸ் கிராமப்புறக் கவுன்ட்டியில் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டல்லாஸிலும் ஆஸ்டினிலும் இருக்கிற நம் ஆட்கள் நாலு நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்தால் பிக் பெண்ட் தேசியப் பூங்கா பக்கம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். வழியில் ஏதோ ஒரு சின்னக் கவுன்ட்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) போலீஸ் நிறுத்தி, விஷயம் டிக்கெட்டோடு முடியாமல் கைது வரை போய்விட்டால், அந்தப் பதிவு வருடக்கணக்கில் கூடவே வரும். கிரீன் கார்டு விண்ணப்பத்திலும் குடியுரிமை விண்ணப்பத்திலும் எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும் ஆமாம் என்றுதான் எழுத வேண்டும், வழக்கு எப்படி முடிந்தது என்று காட்டும் கோர்ட் முத்திரை போட்ட நகலையும் இணைக்க வேண்டும். நண்பர் ஒருவருக்காக அப்படி ஒரு நகலைத் தேடி நானும் அவரும் வாரக்கணக்கில் அலைந்தோம். அதில் பாதிக்கு மேல் தப்பான இடத்தில் தேடிப் போன நாட்கள்.

முதல் தவறு, கூகுளில் பெயரைப் போட்டதும் மேலே வருகிற தளத்தை நம்புவது. கவுன்ட்டி பெயரையும் 'அரெஸ்ட் ரெக்கார்ட்ஸ்' என்பதையும் சேர்த்துத் தேடினால் வருகிறவற்றில் நிறைய தனியார் தளங்கள். கழுகு முத்திரை, நீல நிறம் எல்லாம் வைத்து அரசாங்கத் தளம் மாதிரியே இருக்கும், கார்டு எண் கேட்கும், கடைசியில் பழைய முகவரி நாலு, யாரோ ஒருவருடைய கைதுப் படம் ஒன்று என்று கொடுக்கும். வழக்கு தள்ளுபடியான பிறகும் அந்தப் படத்தை எடுக்காமல் வைத்திருப்பார்கள். படத்தை நீக்கக் காசு கேட்டால் தராதீர்கள், இந்த மாதிரித் தளங்களுக்கு டெக்சஸ் வணிகச் சட்டத்தின் 109ஆம் அத்தியாயம் கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறது. இன்னொன்று, வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வைக்கவோ வேலைக்கு ஆள் எடுக்கவோ இந்த மாதிரித் தளங்களைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அதற்கு 1970இல் வந்த ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டப்படி நடக்கிற நிறுவனத்திடம், சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு அறிக்கை வாங்குவதுதான் சரியான வழி.

அடுத்தது, எந்தக் கவுன்ட்டி என்பதையே தப்பாக எடுத்துக்கொள்வது. டெக்சஸில் 254 கவுன்ட்டிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆபீஸ், தனித்தனிப் பதிவு. எல் பாசோவுக்குப் பக்கத்தில் பிடித்தார்கள் என்று ஒருவர் சொன்னால் அது எல் பாசோ கவுன்ட்டியாக இருக்க வேண்டியதில்லை, கிழக்கே ஹட்ஸ்பெத் கவுன்ட்டியாக இருக்கலாம். அது 4,500 சதுர மைலுக்கு மேல் விரிந்த இடம், 2020 கணக்கெடுப்பில் மக்கள் சுமார் 3,200 பேர்தான். சில சின்னக் கவுன்ட்டிகளுக்குச் சொந்த ஜெயிலே கிடையாது, பிடித்தவர்களைப் பக்கத்துக் கவுன்ட்டி ஜெயிலில்தான் வைப்பார்கள். அதனால் எந்த ஜெயிலில் இருந்தார் என்பதை வைத்துக் கோர்ட்டைத் தேடாதீர்கள். குற்றம் நடந்ததாகச் சொல்லப்படுகிற இடம் எந்தக் கவுன்ட்டியோ, வழக்கும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

யார் பிடித்தார்கள் என்பதும் இதே மாதிரி குழப்பும். பாடகர் வில்லி நெல்சனை 2010 நவம்பரில் சியரா பிளாங்கா செக்பாயின்டில் நிறுத்தியது மத்திய அரசின் எல்லைக் காவல் படையான பார்டர் பேட்ரோல். அடைத்ததோ ஹட்ஸ்பெத் கவுன்ட்டி ஜெயிலில், வழக்கும் அந்தக் கவுன்ட்டியில்தான். பிடித்தபோது சொன்னது கஞ்சா வைத்திருந்தார் என்பது, வழக்கு கடைசியில் முடிந்தது அதைவிடச் சின்னக் குற்றச்சாட்டில். பிடித்தவர்கள் மத்திய அரசு ஆட்கள், எனவே வழக்கும் ஃபெடரல் கோர்ட்டில்தான் இருக்கும் என்று முடிவு கட்டினால் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருப்போம். நிஜமாகவே ஃபெடரல் வழக்காக இருந்தால் கவுன்ட்டி ஆபீஸில் ஒன்றுமே இருக்காது, பேசர் என்கிற தளத்தில் பார்க்க வேண்டும். பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதத்தில் மொத்தம் 30 டாலரைத் தாண்டாவிட்டால் காசே கிடையாது.

சரி, கவுன்ட்டி தெரிந்துவிட்டது. அங்கே எந்த ஆபீஸ்? டெக்சஸில் அபராதத்தோடு முடிகிற கிளாஸ் சி வழக்குகள் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட்டுக்கோ, ஊருக்குள் நடந்திருந்தால் முனிசிபல் கோர்ட்டுக்கோ போகும். கிளாஸ் ஏ, பி மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்ற வழக்குகளின் காகிதம் பொதுவாகக் கவுன்ட்டி கிளார்க்கிடம், ஃபெலனி, அதாவது பெரிய குற்றம் என்றால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் இருக்கும். ஒருவரிடம் கேட்டு "இங்கே ஒன்றும் இல்லை" என்று பதில் வந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம், நாங்களும் முதலில் அதைத்தான் செய்தோம். 8,000 பேருக்குக் குறைவான கவுன்ட்டிகளில் இரண்டு பதவியையும் ஒரே கிளார்க் பார்ப்பது உண்டு, அங்கே வேலை சுலபம். மற்ற இடங்களில் மூன்று பேரிடமும் கேளுங்கள்.

கவுன்ட்டி போலீசான ஷெரிஃப் ஆபீஸின் ஜெயில் பட்டியலைத் தீர்ப்பு மாதிரி வாசிப்பதுதான் இருப்பதிலேயே ஆட்களைக் காயப்படுத்துகிற தவறு. அந்தப் பட்டியலில் இருப்பது கைது செய்த அதிகாரி அன்றைக்கு எழுதிய குற்றச்சாட்டு. அப்புறம் அரசு வழக்கறிஞர் அதைக் குறைக்கலாம், மாற்றலாம், வழக்கே வேண்டாம் என்று விட்டுவிடலாம். ஃபெலனி என்றால் கிராண்ட் ஜூரி என்கிற பொதுமக்கள் குழு, விசாரணைக்கு அனுப்பப் போதுமான ஆதாரம் இல்லை என்று சொல்லலாம். பல இடங்களில் ஆள் வெளியே வந்ததும் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும், அதனால் குடும்பத்தில் ஒருவருக்கு நடந்திருந்தால் உடனே படம் எடுத்து வையுங்கள். கைதுக்கும் வழக்குப் பதிவுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி விழுவதும் சகஜம். அந்த நாட்களில் கிளார்க்கிடம் கேட்டால் ஒன்றும் இல்லை என்றுதான் பதில் வரும். அதைக் கேட்டு வழக்கே இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டு, கோர்ட் கடிதம் பழைய முகவரிக்குப் போய், ஆஜராகாததற்கு வாரன்ட் வந்தவர்கள் இருக்கிறார்கள். சில வாரம் கழித்து மறுபடியும் கேளுங்கள், அதற்குப் பிறகும் கேளுங்கள்.

நம் பெயர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இதிலும் எங்களுக்கு நிறைய நாள் போனது. குடும்பப் பெயர் என்று ஒன்று நம்மில் பலருக்கு இல்லை, அப்பா பெயரைத்தான் கடைசிப் பெயராக எழுதுகிறோம். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று, அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று அச்சடித்துவிடுவார்கள். நள்ளிரவில் ஜெயிலில் பெயர் எழுதுகிற அதிகாரி எதை முன்னால் போடுவார், எதைப் பின்னால் போடுவார் என்று சொல்லவே முடியாது. என் நண்பரின் வழக்கு அவருடைய அப்பா பெயரில், அதுவும் ஓர் எழுத்து பிசகிக் கிடந்தது. சுப்ரமணியன் என்றால் கடைசியில் 'ன்' போட்டும் 'ம்' போட்டும் தேடுங்கள், 'த' வருகிற பெயரை ஆங்கில 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும் தேடுங்கள், முன்பின் மாற்றித் தேடுங்கள், எஃப்என்யூ போட்டும் ஒருமுறை தேடுங்கள். பிறந்த தேதியும் கைதான தேதியும் கையில் இருந்தால் கிளார்க்கே பல நேரம் கண்டுபிடித்துக் கொடுப்பார். அதே காரணத்துக்காக, பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் யாரையும் குற்றவாளி என்று நினைத்துவிடாதீர்கள். பிறந்த தேதி பொருந்தாவிட்டால் அது வேறு ஆளாக இருக்கலாம்.

மாநிலம் முழுவதுக்கும் ஒரே இடத்தில் தேடினால் போதாதா என்று கேட்பார்கள். டிபிஎஸ் என்கிற மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் காசு கட்டிப் பெயர் தேடலாம், ஆனால் பொதுமக்களுக்கு அங்கே கிடைப்பது தண்டனையும் டிஃபர்டு அட்ஜூடிகேஷனும்தான். கவுன்ட்டி அனுப்பாத தகவல் அங்கே இருக்காது. டிஃபர்டு அட்ஜூடிகேஷன் என்பது குற்றத்தை ஒப்புக்கொண்டபின், அல்லது மறுக்காமல் விட்டபின், கோர்ட் தீர்ப்பைத் தள்ளிவைத்து, நிபந்தனைகளை ஒழுங்காக முடித்தால் வழக்கைத் தள்ளுபடி செய்வது. டெக்சஸ் அதைத் தண்டனை என்று சொல்வதில்லை, குடியேற்றச் சட்டம் பொதுவாகத் தண்டனையாகவே எடுத்துக்கொள்கிறது. இது தெரியாமல் இல்லை என்று எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள். பதிவு அழிக்கப்பட்ட வழக்கும் அப்படித்தான், கவுன்ட்டியில் தேடினால் கிடைக்காது, குடியேற்ற அலுவலகத்திடம் மறைக்கவும் கூடாது.

கோர்ட்டுக்குத் தகவல் உரிமை மனு அனுப்புவதும் வீண் வேலை. டெக்சஸின் பொதுத் தகவல் சட்டம் ஷெரிஃப் ஆபீஸுக்குப் பொருந்தும், நீதித்துறைக்குப் பொருந்தாது. கைதான ஆள், குற்றச்சாட்டு போன்ற அடிப்படை விவரங்களை ஷெரிஃப் ஆபீஸில் எழுதிக் கேட்டு வாங்கலாம், கோர்ட் காகிதத்துக்குக் கிளார்க்கிடம்தான் போக வேண்டும். மத்திய அரசின் தகவல் சட்டத்தைக் குறிப்பிட்டுக் கவுன்ட்டிக்கு எழுதுவதிலும் பயனில்லை.

மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் போன் செய்யுங்கள். இரண்டு மூன்று பேர் வேலை பார்க்கிற ஆபீஸ், மதியம் சாப்பாட்டுக்குப் பூட்டிவிடுவார்கள். ஹட்ஸ்பெத்தும் எல் பாசோவும் மவுண்டன் நேரத்தில் இருப்பதால் டல்லாஸில் காலை எட்டு மணி என்றால் அங்கே ஏழு. பணம் எப்படி வாங்குவார்கள் என்று முதலிலேயே கேளுங்கள், மணியார்டர் மட்டும்தான் என்று சொல்கிற இடங்கள் உண்டு. சாதா ஜெராக்ஸ் வேண்டாம், முத்திரை போட்ட 'சர்ட்டிஃபைடு காப்பி' வேண்டும், வழக்கின் கடைசி உத்தரவு அதில் இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ரொம்பப் பழைய வழக்கு, காகிதம் இப்போது இல்லை என்றால் போனை வைத்துவிடாதீர்கள். தேடிப் பார்த்தோம், பதிவு இல்லை என்று கிளார்க் கையெழுத்தும் முத்திரையும் போட்ட கடிதம் ஒன்று கேட்டு வாங்குங்கள். நகல் இல்லாத இடத்தில் குடியேற்ற அலுவலகம் கேட்கிறது அந்தக் கடிதத்தைத்தான்.